எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் சீனியவரை: சூடு தாங்கினால்தான் விலை தாங்கும்

சீனியவரையை நாம் காயாகத்தான் அறிவோம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் சீனியவரை, மற்ற மாவட்டங்களில் கொத்தவரை. பொரியலுக்கும் வற்றலுக்கும் ஆகும் இந்தக் காயை முற்ற விட்டு விதையாக எடுத்தால், அந்த விதைக்குள் ஒரு பிசின் இருக்கிறது. அந்தப் பிசின் பல தொழில்களுக்குப் பயன்படுகிறது. அவற்றுள் மிக அதிகமாக வாங்குவதும், திடீரென்று வாங்காமல் நிறுத்துவதும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்டும் தொழில்தான்.

விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், சாத்தான்குளம் வட்டாரங்களில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் விவசாயியிடம், "சீனியவரையை விதைக்காகப் போடுங்கள், வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு" என்று யாரேனும் வந்து சொல்லக்கூடும். அப்போது என்ன பதில் சொல்வது? அந்தப் பதில் நம் வயலில் மட்டும் இல்லை. பூமிக்குள் மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள வெப்பத்திலும் இருக்கிறது. இயற்கைப் பிசின் எவ்வளவு சூடு தாங்கும், அந்தத் தாங்கும் சக்தியை எப்படிக் கூட்டுகிறார்கள், அதனால் விவசாயிக்கு வரும் லாப நட்டம் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

துளைச் சேறு என்பது என்ன?

கடலோர மணற்பாங்கில் கை போர் போட்டவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மணலில் குழாய் இறக்கும்போது வெறும் தண்ணீர் விட்டால் குழி சரிந்துவிடும். ஆகவே சாணிக் கரைசலோ களிமண் கரைசலோ விடுகிறோம். அது குழியின் சுவரில் பூசினாற்போல் ஒட்டி, மணல் சரியாமல் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய மண்ணையும் மேலே கொண்டு வருகிறது. கடினப் பாறையில் காற்றழுத்த ரிக் வைத்துத் துளை போடும்போது இந்தக் கரைசல் வேண்டியதில்லை.

எண்ணெய்க் கிணறு தோண்டுவோரும் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் கரைசலைத் துளைச் சேறு என்று சொல்லலாம். அதற்கு நான்கு வேலைகள் உண்டு. வெட்டுண்ட பாறைத் துகளைச் சுமந்து மேலே வர வேண்டும். துளையிடும் முனையைக் குளிர்விக்க வேண்டும். கீழே அடைபட்டிருக்கும் வாயுவும் எண்ணெயும் பீறிட்டு வராமல் தன் எடையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். குழியின் சுவரில் மெல்லிய படலம் போட்டு, தண்ணீர் பாறைக்குள் கசிந்து போகாமல் தடுக்க வேண்டும்.

இதற்கு அடிப்படைச் சரக்கு பென்டோனைட் என்ற களிமண். களிமண் மட்டும் போதாது. கரைசல் கொழகொழப்பாக இருந்தால்தான் பாறைத் துகள் அடியில் தங்காமல் மிதந்து வரும். அந்தக் கொழகொழப்பைக் கொடுக்கவும், நீர்க் கசிவைக் குறைக்கவும் இயற்கைப் பிசின்களையும் மாவுப் பொருள்களையும் சேர்க்கிறார்கள். மரவள்ளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு மாவு, சீனியவரைப் பிசின், பருத்திப் பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்யப்படும் செல்லுலோஸ் பொருள்கள், நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கும் சாந்தன் பிசின் ஆகியவை முக்கியமானவை.

சாந்தனைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கிருமியை விவசாயிகள் அறிவார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த, முட்டைக்கோசைத் தாக்கும் இன்னொரு கிருமிக்குச் சர்க்கரைக் கரைசலை உணவாகக் கொடுத்துப் புளிக்க வைத்தால் அது ஒரு பிசினை வெளிவிடுகிறது. 1960-களில் வணிக அளவில் உற்பத்திக்கு வந்த இந்தச் சாந்தன் இன்று துளைச் சேற்றில் முக்கியமான பிசின். பயிரைக் கெடுக்கும் இனமே இங்கே தொழிலுக்கு உதவுகிறது.

சூட்டில் என்ன நடக்கிறது?

பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் ஏறும். பொதுவாக 100 மீட்டருக்குச் சுமார் 3 டிகிரி சென்டிகிரேட் கூடுகிறது என்று கொள்ளலாம். மேலே 30 டிகிரி என்றால் 3,000 மீட்டரில் சுமார் 120 டிகிரி. 5,000 மீட்டரில் சுமார் 180 டிகிரி. இடத்துக்கு இடம் இது மாறும். ஆந்திரக் கடலோரத்தில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் சில ஆழ்கிணறுகளின் அடியில் வெப்பம் 200 டிகிரியை எட்டியது.

நம் பக்கத்திலும் இந்தத் தொழில் புதிதல்ல. காவிரிப் படுகையில் நரிமணம், கோவில்களப்பால், இராமநாதபுரம் பகுதிகளில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உள்ளன. மன்னார்ப் படுகையில் இலங்கைப் பக்கத்து ஆழ்கடலில் 2011-ல் தோண்டிய கிணறுகளில் இரண்டில் எரிவாயு தென்பட்டது. ஆனால் அங்கே வணிக உற்பத்தி இதுவரை தொடங்கவில்லை.

இந்தச் சூட்டில் பிசின் என்ன ஆகும்? பிசின் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் மணி கோத்தது போல் ஒன்றோடொன்று இணைந்த நீண்ட சங்கிலி. சங்கிலி நீளமாக இருக்கும் வரை கரைசல் கொழகொழப்பாக இருக்கும். சங்கிலி துண்டு துண்டானால் கொழகொழப்புப் போய்விடும். இதற்குச் சமையலறையிலேயே உதாரணம் உண்டு. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியில் எலுமிச்சைச் சாற்றை விட்டு மீண்டும் கொதிக்க விட்டால் கஞ்சி நீர்த்துப்போகும். ஆக்கிய கூழை வைத்துவிட்டால் புளித்து, நீர் பிரிந்து தளர்ந்துபோகும். முன்னதில் புளிப்பும் சூடும் சேர்ந்து சங்கிலியை வெட்டுகின்றன. பின்னதில் நுண்ணுயிர்கள் வெட்டுகின்றன.

கிணற்றுக்குள் மூன்று பகைவர்கள் உண்டு. ஒன்று, சூட்டோடு சேர்ந்த புளிப்பு. இரண்டு, கரைசலில் கரைந்துள்ள பிராணவாயு. சூட்டில் இது சங்கிலியை அரித்து அறுக்கும். மூன்று, நுண்ணுயிர்களும் அவை சுரக்கும் நொதிகளும். நுண்ணுயிர் ஆழத்துச் சூட்டில் பிழைக்காது என்றாலும், மேலே தொட்டியில் சேறு தங்கியிருக்கும்போதே வேலையைக் காட்டிவிடும்.

துளைச் சேற்றில் ஒவ்வொரு பொருளும் நெடுநேரம் தாங்கும் அளவு ஏறத்தாழ இப்படி இருக்கிறது. சாதாரண சீனியவரைப் பிசின் சுமார் 65 டிகிரி. மாவுப் பொருள்கள் 100 முதல் 120 டிகிரி. சாந்தன் சுமார் 120 டிகிரி. செல்லுலோஸ் பொருள்கள் 120 முதல் 150 டிகிரி. பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் செயற்கைப் பிசின்களில் சில 200 டிகிரிக்கு மேலும் தாங்கும்.

இதில் சீனியவரை கடைசியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே துளைச் சேற்றில் அதன் இடம், ஆழமில்லாத மேல்பகுதிகளிலும் தண்ணீர்க் கிணறுகளிலும்தான். அதன் பெரிய சந்தை வேறு இடத்தில் உள்ளது. தோண்டி முடித்த கிணற்றில் அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையை விரிசல் விடச் செய்து எரிவாயுவை எடுக்கும் முறை ஒன்று உண்டு. அந்த நீரில் மணலைக் கலந்து விரிசலுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். வெறும் நீரில் மணல் அடியில் தங்கிவிடும். பிசின் கலந்த நீரில் மிதந்து போகும். மணல் விரிசலை மூடவிடாமல் முட்டுக் கொடுத்த பிறகு, பிசின் உடைந்து வெளியேறிவிட வேண்டும். கொஞ்ச நேரம் தாங்கி, பிறகு உடைவது என்ற இந்த வேலைக்குச் சீனியவரை பொருந்தியது. அமெரிக்காவில் இந்த முறை பெருகியபோதுதான் நம் நாட்டில் இதன் விலை வானத்தைத் தொட்டது.

சூடு தாங்க வைக்கும் வழிகள்

விஞ்ஞானிகள் கையாளும் வழிகள் பல. அவற்றின் அடிப்படை விவசாயிக்கு எளிதில் விளங்கக்கூடியது.

முதலாவது, புளிப்பை நீக்குவது. கரைசலின் கார அமில நிலையை 9 முதல் 10 வரை வைத்துக்கொள்வதற்குக் காஸ்டிக் சோடா அல்லது மக்னீசியம் ஆக்சைடு சேர்க்கிறார்கள். மண்ணில் அமிலத் தன்மையைச் சரி செய்யச் சுண்ணாம்பு இடுவதைப் போன்றதே இது.

இரண்டாவது, பிராணவாயுவை நீக்குவது. சோடியம் சல்பைட்டு போன்ற உப்புகள் கரைந்துள்ள பிராணவாயுவைத் தாமே பிடித்துக்கொள்ளும். பிசின் தப்பும்.

மூன்றாவது, நுண்ணுயிரைக் கட்டுப்படுத்துவது. சுவரொட்டி ஒட்டுபவர்கள் மைதாப் பசை கெடாமல் இருக்கச் சிறிது மயில்துத்தம் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோக்கத்தோடு துளைச் சேற்றிலும் கிருமிக்கொல்லி கலக்கிறார்கள்.

நான்காவது, உப்புக் கரைசலில் பிசினைக் கரைப்பது. பொட்டாசியம் ஃபார்மேட் என்ற உப்பின் செறிவான கரைசலில் சாந்தன் 150 டிகிரியை ஒட்டியும் தாக்குப்பிடிக்கிறது. சாந்தனின் சங்கிலிகள் முறுக்கிய கயிறு போன்றவை. முறுக்கு அவிழ்ந்தால்தான் கயிறு எளிதில் அறும். இந்த உப்பு அந்த முறுக்கை அவிழ விடுவதில்லை.

ஐந்தாவது, சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவது. சீனியவரைப் பிசின் கரைசலில் சிறிது வெண்காரம் சேர்த்தால் அது தயிர்க்கட்டி போல் உறையும். வெண்காரம் ஒரு சங்கிலியை இன்னொன்றோடு முடிச்சுப் போடுகிறது. மேலும் சூடு தாங்க வேண்டிய இடத்தில் சிர்க்கோனியம், டைட்டேனியம் ஆகிய உலோகங்களின் சேர்மங்களால் முடிச்சுப் போடுகிறார்கள். பிசினையே ரசாயன முறையில் மாற்றி, கசடு குறைந்ததாகவும் சூடு கூடுதலாகத் தாங்குவதாகவும் செய்வதும் உண்டு. மரவள்ளி மாவையும் இதேபோல் குறுக்குக் கட்டுப் போட்டு வலுப்படுத்துகிறார்கள்.

ஆறாவது, ஒட்டுக் கட்டுவது. மாமரத்தில் நாட்டு வேர்ச்செடியின் மேல் நல்ல இரகத்தின் தளிர்க்குச்சியை ஒட்டுவது போல், இயற்கைப் பிசினின் சங்கிலி மேல் செயற்கைப் பொருளின் கிளைகளை வளர்க்கிறார்கள். இரசாயனத்திலும் இதை ஒட்டுக் கட்டுதல் என்றே சொல்கிறார்கள். அடிப்பகுதி வயலில் விளைந்தது. சூடு தாங்கும் கிளை தொழிற்சாலையில் செய்தது. இதனால் செயற்கைப் பொருளின் அளவு குறைகிறது. ஆனால் கிளை கூடக் கூட, மண்ணில் மக்கும் குணம் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

முத்துப் பார்களுக்கு அருகே

சூடு தாங்கும் செயற்கைப் பிசின் இருக்கும்போது இயற்கைப் பிசினை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கலாம். விலை ஒரு காரணம். மற்றது, வேலை முடிந்த சேறு எங்கே போகிறது என்ற கேள்வி. இயற்கைப் பிசின் மக்கிவிடும். செயற்கைப் பிசின்களில் பல நெடுநாள் மக்காமல் கிடக்கும். வெட்டிய பாறைத் துகளோடு இவை கடலிலோ வயலோரக் குழியிலோ சேரும் இடத்தில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், வளைகுடா 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. முத்துச் சிப்பி ஒட்டி வளரும் பார்கள் இந்தக் கடலில்தான் உள்ளன. மண்ணும் மணலும் படிந்தால் சிப்பி பிழைக்காது. எனினும் இயற்கைப் பிசின் என்பதாலேயே துளைச் சேறு தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது. அதில் எடை கூட்டும் தாதுக்களும், கிருமிக்கொல்லியும், உலோக உப்புகளும் இருக்கும். மக்கும் பொருளும் மக்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவைக் குடிக்கும்.

2012 சொன்ன பாடம்

இனி விலைக்கு வருவோம். உலகச் சீனியவரை உற்பத்தியில் சுமார் 80 சதவீதம் இந்தியாவில் விளைகிறது. அதில் பெரும்பகுதி ராஜஸ்தானின் மானாவாரி மணல் நிலத்தில். 2011-12-ல் நம் நாட்டிலிருந்து சுமார் 7 லட்சம் டன் பிசின் ஏற்றுமதியாகி, சுமார் 16,500 கோடி ரூபாய் கிடைத்தது. 2012 மார்ச்சில் விதை விலை குவிண்டால் 30,000 ரூபாய் வரை ஏறியது. அம்மாதக் கடைசியில் முன்பேர வணிகம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2013 மே மாதம்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

2012-13-ல் ஏற்றுமதி சுமார் 4 லட்சம் டன். வருமானம் சுமார் 21,000 கோடி ரூபாய். 2016-17-ல் ஏற்றுமதி அதைவிடச் சற்றுக் கூடுதல், சுமார் 4.2 லட்சம் டன். ஆனால் வருமானம் சுமார் 3,100 கோடி ரூபாய்தான். சரக்கு அதே அளவு; பணம் ஏழில் ஒரு பங்கு.

ஏன் இப்படி? விலை ஏறியவுடன் வாங்குவோர் மாற்று தேடினர். பாறையை விரிசலிடும் தொழிலில் பிசினே இல்லாமல், சிறிதளவு செயற்கைப் பொருள் கலந்த நீரை வேகமாகச் செலுத்தும் முறைக்குப் பலர் மாறினர். செல்லுலோஸ் பொருள்களும் உள்ளே வந்தன. 2014-ன் கடைசியில் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்ததும் கிணறு தோண்டுவதே குறைந்தது. விலை உயர்வைப் பார்த்து ராஜஸ்தான், அரியானா மட்டுமின்றி ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலும் விதைத்தவர்கள் அறுவடைக்கு வரும்போது சந்தை தணிந்துவிட்டது. 2015, 2016 ஆண்டுகளில் விதை விலை குவிண்டால் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு வந்து நின்றது.

இந்தக் கரைக்கு இது தெரியாத கதை அல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகள் சில. நடக்காத ஆண்டுகள் பல. 1955-ல் தொடங்கி 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. சிப்பி கிடைக்கும் ஆண்டில் கரையெங்கும் பணம் புரளும். பார் வெறுமையானால் எல்லாரும் போய்விடுவார்கள். எண்ணெய்க் கிணற்றை நம்பிய பயிரின் சந்தையும் அத்தகையதே. வரும்போது வேகமாக வரும். போகும்போது சொல்லாமல் போகும்.

இங்கேதான் சூடு தாங்கும் சக்தியின் பயன் விளங்குகிறது. இயற்கைப் பிசின் 65 டிகிரியில் நின்றுவிட்டால், விலை சற்று ஏறியதும் வாங்குவோர் செயற்கைக்குத் தாவுவார்கள். அது 120, 150 டிகிரி வரை நம்பகமாக வேலை செய்தால், தாவுவதற்குக் காரணம் குறையும். பிசினின் சூட்டுத் தாங்கல் என்பது, சுற்றி வளைத்துப் பார்த்தால், விவசாயியின் விலைத் தாங்கல்.

ஏக்கர் கணக்கு

மானாவாரியில் ஏக்கருக்கு 2 முதல் 3 குவிண்டால் விதை எதிர்பார்க்கலாம். நடுத்தரமாக 2.5 குவிண்டால் என்று கொள்வோம். 2012-ன் உச்ச விலையில் இது 75,000 ரூபாய். குவிண்டால் 4,000 ரூபாய் விலையில் 10,000 ரூபாய். அண்மை ஆண்டுகளில் நிலவிய சுமார் 5,000 ரூபாய் விலையில் 12,500 ரூபாய்.

அதே நிலத்தில் உளுந்து போட்டு அதே 2.5 குவிண்டால் எடுத்தால், 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை 7,800 ரூபாய் வீதம் 19,500 ரூபாய் ஆகிறது. சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போவதும் உண்டு. ஆனாலும் உளுந்துக்கு ஒரு தரை இருக்கிறது. சீனியவரை விதைக்கு ஆதரவு விலையே கிடையாது. சம விளைச்சல் எனில், விதை விலை 7,800 ரூபாயைத் தாண்டாத வரை உளுந்தை எடுத்துவிட்டுச் சீனியவரை போடுவதில் பொருள் இல்லை.

இன்னொரு செலவும் உண்டு. பிசின் பிரிக்கும் ஆலைகள் பெரும்பாலும் ராஜஸ்தானில் ஜோத்பூர் வட்டாரத்தில்தான் உள்ளன. அங்கே போய்ச் சேரும் லாரி வாடகை நம் விலையிலிருந்தே கழியும்.

சீனியவரைக்குச் சாதகமானவற்றையும் சொல்ல வேண்டும். வறட்சி தாங்கும். வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும். உளுந்து காயும் செவல், மணற்சாரி நிலத்திலும் இது நிற்கும். 100 கிலோ விதையில் 28 முதல் 30 கிலோ பிசின் போக, மிச்சமாகும் பருப்பும் தொலியும் புரதம் நிறைந்த மாட்டுத் தீவனம். அப்படிப்பட்ட நிலம் சும்மா கிடந்தால், அங்கே இதைப் போடுவது நட்டமில்லை.

போடுவது என்று முடிவு செய்தால்

பிசின் இரகங்கள் வேறு, காய் இரகங்கள் வேறு. பூசா நவ்பகார் போன்ற காய் இரகம் கிளைக்காமல், மழமழப்பான காயுடன் இருக்கும். எச்.ஜி. 365 போன்ற பிசின் இரகங்கள் விதைக்காகவே உருவாக்கப்பட்டவை. விலை விழுந்தால் காயாகவாவது விற்கலாம் என்று எண்ணுபவர்கள் காய் இரகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் வாரத்துக்குள் விதைக்கலாம். நீர் தேங்கும் கரிசல் ஆகாது. ஏக்கருக்கு 5 முதல் 6 கிலோ விதை போதும். ஒரு பொட்டலம் ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. இடைவெளி விடவும். அடியுரமாக ஏக்கருக்கு 35 கிலோ டி.ஏ.பி. இட்டால் வேண்டிய மணிச்சத்து முழுவதும், தழைச்சத்தில் பெரும்பகுதியும் கிடைத்துவிடும். 20-ஆம் நாளிலும் 40-ஆம் நாளிலும் களை எடுக்க வேண்டும். பாக்டீரியா கருகல் விதை வழியே பரவுவதால் நோயற்ற வயலின் விதையையே வாங்குங்கள். தண்டு கருத்த செடிகளைப் பிடுங்கி அழிக்கவும்.

சூடு தாங்கும் குணத்தைக் கூட்டுவது ஆலையின் வேலை. ஆனால் அதைக் கெடுக்காமல் இருப்பது வயலின் வேலை. காய் காயும் தருணத்தில் மழை பெய்தால் விதை கருக்கும். கருத்த விதையின் பிசினில் கொழகொழப்புக் குறையும். ஈரத்தோடு குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் சுரக்கும் நொதி, பிசின் சங்கிலியை வெட்டத் தொடங்கிவிடும். அத்தகைய விதையிலிருந்து எடுத்த பிசின் ஆலையில் எந்த மருந்து சேர்த்தாலும் சூட்டில் நிற்காது. ஆகவே காய்கள் பழுப்பாகி முழுதும் காய்ந்த பின் அறுத்து, சுத்தமான களத்தில் அடித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்து, கருத்த விதையைப் பிரித்து, ஈரம் படாமல் மூட்டை கட்ட வேண்டும்.

புளியங்கொட்டையை மறக்க வேண்டாம்

புதிதாக விதைக்காமலே கையில் இருக்கும் பிசின் ஒன்று உண்டு. அது புளியங்கொட்டை. வறுத்துத் தோல் நீக்கி அரைத்த மாவு, நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடவும் சணல் ஆலைகளிலும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. தன்பாத் இந்திய சுரங்கப் பள்ளியில் நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், பென்டோனைட் கரைசலில் புளியங்கொட்டைப் பிசினைச் சேர்த்துத் துளைச் சேறாகச் சோதித்தார்கள். கொழகொழப்பும் நீர்க் கசிவுத் தடுப்பும் நல்ல பலன் தந்தன. எண்ணெய்த் தொழில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நெசவுத் தொழில் வாங்கும் என்பது இதன் பலம். வாங்குவோர் இருவகை இருக்கும் சரக்குக்கு விழும் அடி குறைவு. கொட்டையைப் புளியோடு சேர்த்து மலிவாகக் கொடுத்துவிடாமல், தனியே சேர்த்துக் காய வைத்து விற்பது நல்லது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வியாபாரியோ நிறுவனமோ விதை கொடுத்துப் பயிரிடச் சொன்னால், விதையைக் கையில் வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. அறுவடையில் என்ன விலைக்கு எடுப்பீர்கள்? "அன்றைய சந்தை விலை" என்றால் அது உறுதி அல்ல. குறைந்தபட்ச விலையை எழுத்தில் கேளுங்கள்.

2. எவ்வளவு ஈரம், எவ்வளவு கருத்த விதை வரை ஏற்பீர்கள்? கழிவு எப்படிக் கணக்கிடப்படும்?

3. எந்த ஊரில் எடை போடுவீர்கள்? வாடகை யாருடையது?

4. சரக்கு எந்தத் தொழிலுக்குப் போகிறது? ஐஸ்கிரீம், ரொட்டி, துணி அச்சு, காகிதம் ஆகிய தொழில்களின் தேவை நிதானமானது. எண்ணெய்க் கிணறு மட்டும் என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

5. நீங்கள் எடுக்காவிட்டால் நான் யாரிடம் விற்பது? இதற்குப் பதில் இல்லையென்றால் விதையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிலாவரை பயிரிட்டவர்களுக்கு இக்கேள்விகளின் அருமை தெரியும். இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறும் சரக்கு அது. வெளிநாட்டில் தேவை தளர்ந்தால் முதலில் விலை குறைவது களத்துமேட்டில்தான்.

முதல் ஆண்டு நிலம் முழுவதையும் மாற்ற வேண்டாம். ஐந்து ஏக்கர் உள்ளவர் அரை ஏக்கரில், அதுவும் செவல் பக்கத்தில், போட்டுப் பார்க்கலாம். மற்றதில் உளுந்தும் பாசியும் கம்பும் வழக்கம்போல் இருக்கட்டும். நாலைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ போட்டால் ஒரு லாரிச் சுமை சேரும். விலை பேச வாயும் இருக்கும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றில் உங்கள் மண்ணுக்கு ஏற்ற இரகம் பற்றிக் கேட்டறிந்து, புரட்டாசி பிறக்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள்.